ஒரு சாண் இடுப்புக்காரி

ஜனவரி 8, திங்கள்

கால்சியம் மாத்திரை கம்பெனிக்காரர் இந்த வருடமும் நாட்குறிப்பு கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எலும்பைப் பற்றி ஓர் அறிவுரை அச்சடித்திருக்கிறது. இன்றையது: "குனியும்போது முழங்காலை மடக்குங்கள்." நானும் நாளெல்லாம் இதைத்தான் வாய் வலிக்கச் சொல்கிறேன். வளசரவாக்கத்தில் டாக்டர் பத்மநாபனின் எலும்பு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் வேலை. பதினொரு வருடமாக ஊரார் இடுப்பைப் பிடித்துவிட்டுத்தான் நானும் அம்மாவும் சாப்பிடுகிறோம்.

அது பகல் வேடம். சினிமாவில் நான் 'தில்லை', பாடலாசிரியர். தில்லைநாயகி என்று முழுப் பெயரையும் போட்டால் பக்திப் பாட்டு எழுதுகிற அம்மாள் என்று நினைத்துவிடுகிறார்கள். இதுவரை இரண்டு பாட்டு எழுதியிருக்கிறேன். ஒன்று, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வரும். அதை முழுசாகக் கேட்டவர்கள் தியேட்டரைக் கூட்டுகிறவர்கள் மட்டும்தான். இன்னொன்றைப் படத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். கிளினிக்கில் ஒருவருக்கும் இந்தக் கதை தெரியாது. தெரிந்தால் "ஒரு வரி சொல்லுங்க மேடம்" என்பார்கள். சொன்னால் "இது எந்தப் படத்துல?" என்பார்கள். எதற்கு வம்பு.

இன்று இசையமைப்பாளர் தீபன்ராஜ் போன் செய்தான். இருபத்தேழு வயதுப் பையன், தங்கமான குணம், காலையில் பேசுவதாகச் சொன்னால் மாலையில் பேசுவான். பெரிய படமாம். துள்ளலாக ஒரு பாட்டு வேண்டுமாம். படத்தின் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். அதனால் இங்கேயும் எழுதவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா சித்தியிடம் மட்டும் சொன்னாள். விளக்கு வைப்பதற்குள் கும்பகோணத்திலிருந்து மூன்று பேர் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 11, வியாழன்

மெட்டு திங்கள் ராத்திரியே வந்துவிட்டது. நன்றாகவே இருக்கிறது, சனியன், காலைத் தரையில் நிறுத்த முடியவில்லை. மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் கடல், ஒன்றில் பஸ் பயணம், ஒன்றில் காதலியின் கோபம். மூன்றிலும் எனக்கு மிகப் பிடித்தது பஸ்.

மெட்டுக்கு எழுதுவதில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில் என்று பிடிபடுவதற்கு முதலில் ஏதாவது வாய்க்கு வந்த வார்த்தையைப் போட்டுப் பாடிப் பார்ப்போம். அதற்கு டம்மி என்று பெயர். "சட்டினி அரைச்சாச்சு" என்றுகூடப் போடலாம். பிறகு அதைத் தூக்கிவிட்டு உண்மையான வரி வைப்போம்.

மத்தியானம் ஒன்றரை ஆகியும் நான் சாப்பிடவில்லை. டிராக்ஷன் கட்டிலில் கதிரேசன் சார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், முதுகெலும்பு விலகல். இடுப்பில் பட்டை கட்டி, எடை தொங்கவிட்டு இழுத்திருக்கும்போதும் பேச்சு நிற்காது. "நீ போய்ச் சாப்புடும்மா. எல்லாம் அந்த ஒரு சாண் வயித்துக்குத்தானே" என்றார். அந்தப் பேச்சு மெட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வயிறு என்றால் துள்ளல் வராதே என்று இடுப்பு ஆக்கினேன். பெல்ட்டுகள் அடுக்கியிருக்கும் சின்ன அறையில் நின்று, "ஒரு சாண் இடுப்புக்காரி, ஊரையே சுருட்டிப்புட்டா" என்று போனில் பாடி, மூன்று உண்மையான பாட்டுகளோடு அதையும் அனுப்பினேன். தாளம் புரிவதற்காக மட்டும்.

ஜனவரி 13, சனி

தீபன்ராஜ் பேசினான்.

"அக்கா, மூணும் கவிதைக்கா. படிச்சிட்டு அழுதுட்டேன்."

"பஸ் பாட்டுக்கா அழுதே?"

"ஆமாக்கா. ஆனா டைரக்டருக்கு அந்த டம்மிதான் பிடிச்சிருக்கு. ஆபீஸ்ல டீ கொண்டு வர்றவர்ல இருந்து எல்லாரும் பாடுறாங்க. அதையே வச்சுக்கலாம்னு..."

நான் கடுமையாக எதிர்த்தேன். அதாவது, "அப்படியா?" என்று கேட்டேன். அவன் "ஆமாக்கா" என்றான். அதற்கு மேல் ஒரு மனுஷி எவ்வளவுதான் போராடுவது.

சரணத்துக்கும் அதே ரகத்தில் எட்டு வரி கேட்டான். இருபது நிமிஷத்தில் எழுதிவிட்டேன். பஸ் பாட்டுக்கு மூன்று நாள் ஆனது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கரும்பு தின்றதில் தாடை வலி. வரியை இன்னொரு முறை யோசித்தேன். ஒரு சாண் என்பது ஒன்பது அங்குலம். ஒன்பது அங்குல இடுப்பு என்றால் முதுகெலும்பு, அதைச் சுற்றித் தோல், அவ்வளவுதான், குடலுக்கு இடமில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். பாட்டில் இதெல்லாம் பார்ப்பார்களா? முகத்தை நிலா என்கிறவனிடம் யாராவது பள்ளம் எங்கே என்று கேட்கிறார்களா? இதோடு இந்தப் பேச்சை விடுகிறேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

பாட்டு வெளியானது. ஒரே நாளில் முப்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அதில் நாற்பது தடவை நான்.

பிப்ரவரி 5, திங்கள்

கிளினிக்குக்குள் நுழையும்போதே என் வரி என்னை வரவேற்றது. வரவேற்பு மேசையில் ஜெசிந்தா பாடிக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வயது, வாய் ஓயாது, கிளினிக்குக்கே அவள்தான் கலகலப்பு. வலியோடு வருகிறவர்கள் அவளிடம் சீட்டு வாங்குவதற்குள் பாதி வலியை மறந்துவிடுவார்கள். ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் பத்தாம் தேதி அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெலிக்ஸ், ஏசி மெக்கானிக்.

"அக்கா, இந்தப் பாட்டு கேட்டீங்களா? பெலிக்ஸ் அனுப்பிச்சாரு. காலைல இருந்து நூறு தடவை கேட்டாச்சு."

"ஏதோ கேட்டேன்" என்றேன்.

விரலை விரித்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு முன்பக்கத்துக்கே ஒரு சாண் பத்தலக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் நல்ல தேகக்காரி. டிராக்ஷன் கட்டிலில் நோயாளியைத் தூக்கி உட்காரவைக்க அவளைத்தான் கூப்பிடுவேன்.

பிப்ரவரி 8, வியாழன்

டாக்டர் அறையில் தேநீர். வெளியே ஆட்டோவில் பாட்டு ஓடியது. டாக்டர் பத்மநாபன் எக்ஸ்ரேயிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒரு சாணாம். இத எழுதினவனைப் புடிச்சு ஒரு நாள் நம்ம கிளினிக்ல உக்கார வைக்கணும் மேடம். மனுஷ உடம்புன்னா என்னன்னே தெரியாத பய."

"ஆமா சார்" என்றேன். தேநீரில் சர்க்கரை அதிகம்.

பிப்ரவரி 12, திங்கள்

ஊர் முழுக்க இப்போது சாண் போட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டுக்கு ஆடி, 'ஒரு சாண்' என்னும் இடத்தில் விரலை விரித்து இடுப்பில் வைத்து வீடியோ எடுத்துப் போடவேண்டுமாம். கல்லூரிப் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் போடுகிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்ணின் நாத்தனார்கள் மணப்பெண்ணையே நிற்கவைத்து அளக்கிறார்கள். மணப்பெண் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டாவது முறை பார்க்கவில்லை.

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே என் பாட்டை முணுமுணுக்கிறாள். "அர்த்தம் என்னவோ இருந்துட்டுப் போகட்டும்டி, ராகம் நல்லா இருக்கு" என்கிறாள். எழுதியவளிடம் சொல்லவேண்டிய பாராட்டா இது?

பிப்ரவரி 14, புதன்

இன்று திருநீற்றுப் புதன். ஜெசிந்தா நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தாள். ஈஸ்டர் வரை நாற்பது நாள் தவக்காலம், ஒருசந்தி இருக்கிறாளாம். ஒருசந்தி என்றால் ஒருவேளைச் சாப்பாடு. போன வருடம் புதனும் வெள்ளியும் மட்டும் இருந்ததாக ஞாபகம். இந்த வருடம் எல்லா நாளும். கல்யாண வருடம் அல்லவா, வேண்டுதல் இருக்கும். பக்தியான பெண். அவள் டிபன் டப்பாவை என்னிடம் தள்ளிவிட்டாள். அவள் அம்மா வைக்கும் மீன் குழம்பு எனக்கு உயிர். தவக்காலத்தில் மீன் குற்றமில்லையாம். நானே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அதிசயம். முதுகு வலியே இல்லாத பெண்கள் வந்து இடுப்பு பெல்ட் கேட்கிறார்கள். சேலைக்குள் இறுக்கிக் கட்டினால் ஒடுங்கித் தெரியுமாம். ஒருத்தியிடம் "இது எலும்பு தேய்ஞ்சவங்க போடறதும்மா, சும்மா போட்டா தசை பலம் போயிடும்" என்றேன். "பரவால்ல மேடம், கல்யாணம் வரைக்கும்தான்" என்றாள். நம் அலமாரியிலும் ஒரு சின்ன அளவு பெல்ட்டைக் காணோம். எந்த நோயாளி மாற்றி எடுத்துக்கொண்டு போனாரோ.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. "கூன் போடாதே, நேரா உக்காரு" என்று ஜெசிந்தாவிடம் இரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு வாரமாக அளவுகோல் வைத்த மாதிரி உட்காருகிறாள். கீழே விழுந்த பேனாவைக்கூடக் குனியாமல் முழங்காலை மடக்கி எடுக்கிறாள். என் தொழில் மேல் எனக்கே மரியாதை வந்தது.

பிப்ரவரி 26, திங்கள்

படக் கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள் பேசினார். பெயர் சுந்தரபாண்டி. பாட்டைக் கண்டித்து ஒரு கல்லூரி மாணவிகள் கையெழுத்து வாங்குகிறார்களாம். டிவியில் விவாதம் வைக்கப் போகிறார்களாம்.

"மேடம், கடவுள் மாதிரி நீங்க இருக்கீங்க. எழுதினது ஒரு லேடின்னு தெரிஞ்சா யாரு வாயத் தொறப்பா? மார்ச் பத்து, ஞாயித்துக்கெழமை வெற்றி விழா. மகளிர் தினத்தை ஒட்டி. நீங்க மேடைல வந்து நின்னா மட்டும் போதும்."

மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி என்னைப் பிடிக்கப் போகிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. மேடை என்றதும் எந்தச் சேலை என்ற யோசனையும் வந்தது. முதலில் வந்தது கோபம்தான் என்று உறுதியாக எழுதிவைக்கிறேன்.

ஜெசிந்தா இந்த வாரம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கல்யாணக் களை.

மார்ச் 5, செவ்வாய்

எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

பதினொரு மணி. கதிரேசன் சாரை டிராக்ஷனில் பூட்டிவிட்டு நான் பக்கத்து அறையில் ஒரு தோள்பட்டைக்காரருக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரசீதில் கையெழுத்து வாங்க ஜெசிந்தா கதிரேசன் சாரிடம் போனாள். திடீரென்று 'தொப்' என்று சத்தம். அடுத்து கதிரேசன் சாரின் டிக்கெட் பரிசோதகர் குரல்.

"அய்யய்யோ! யாராச்சும் வாங்க! பொண்ணு விழுந்துடுச்சு! நான் எந்திரிக்கலாம்னா என்னை மாடு மாதிரி கட்டிப் போட்டுட்டுப் போயிட்டீங்களே!"

ஓடினேன். ஜெசிந்தா தரையில், முகம் வெளுத்து, உதடு உலர்ந்து கிடந்தாள். கட்டிலிலிருந்து கதிரேசன் சார் எட்டின மட்டும் கையை நீட்டித் தன் துண்டால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். காற்று எனக்குத்தான் வந்தது. மூச்சு விடத் திணறுகிறாளே என்று சுடிதாரைத் தளர்த்தினேன்.

உள்ளே நம் பெல்ட். சின்ன அளவு. அவளுக்குப் பெரியதிலும் பெரியது வேண்டும்.

பட்டையைப் பிய்த்தேன். பர்ரென்று விட்டது. விலா ஓரமெல்லாம் சிவந்து தடித்து, இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. பதினொரு வருடத்தில் எத்தனையோ முதுகைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். சர்க்கரை அளவு பாதாளத்தில். பெலிக்ஸ் வேலைச் சட்டையோடு ஓடி வந்தான். குண்டான, வெள்ளைச் சிரிப்புப் பையன். அவனிடம் "ஒருசந்தியை இப்படியா இருப்பாங்க?" என்று சிடுசிடுத்தேன்.

"மேடம், ஞாயித்துக்கெழமை ஒருசந்தி கெடையாது மேடம். ஆண்டவர் நாள். போன ஞாயிறு எங்க வீட்டுக்கு வந்தா, எங்கம்மா கோழி ஆக்கிப் போட்டாங்க. தொடவே இல்ல. அப்பவே எனக்குச் சந்தேகம்."

"நீ ஏன்பா அவளுக்கு அந்தப் பாட்ட அனுப்பினே?"

"ஊரே அனுப்புச்சு மேடம், நானும் அனுப்புனேன். அவதான் அதுக்கப்புறம் தெனமும் சாண் போட்டு போட்டோ அனுப்புவா. அவளுக்குப் பிடிச்சிருக்குன்னு நானும் ஹார்ட்டு போட்டேன்."

மீன் குழம்பை இருபது நாள் நானே சாப்பிட்டேன். நிமிர்ந்து உட்காருகிறாள் என்று பெருமைப்பட்டேன். டாக்டர் மறுபடியும் "எவன்யா அவன், எழுதினவன்?" என்றார். இந்த முறை "ஆமா சார்" சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 7, வியாழன்

ஜெசிந்தா வேலைக்கு வந்துவிட்டாள். மத்தியானம் அவளை பெல்ட் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டு நாளாக ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். அந்தப் பாட்டை எழுதியது நான். அது ஒரு டம்மி. அப்படி ஓர் இடுப்பு உலகத்தில் கிடையாது. என்னை மன்னித்துவிடு.

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். "அக்கா! நீங்களா! அய்யோ, தில்லைன்னா நீங்களா! ஒரு செல்ஃபி, ஒரே ஒரு செல்ஃபி!" பெலிக்ஸுக்குப் போன் போட்டு, "ஏய், எங்க அக்காதான் எழுதினது!" என்று கத்தினாள்.

"ஜெசி, நான் சொன்னதக் கேட்டியா? அது பொய்யின்னு சொல்றேன்."

போனை வைத்தாள். முகம் கொஞ்சம் மாறியது.

"எப்படிக்கா பொய்யாகும்? வேற யாரோ கவிஞர் எழுதினாருன்னா சும்மா அடிச்சு விட்டாருன்னு நெனைக்கலாம். நீங்க உடம்பப் பத்திப் படிச்சவங்க. தெனம் நூறு இடுப்பப் பாக்கறவங்க. நீங்களே எழுதியிருக்கீங்கன்னா, முடியும்னுதானே அர்த்தம்?"

"இல்லடி. தெரிஞ்சேதான் பொய் எழுதினேன்."

"பொய்யின்னா அப்புறம் ஏன்க்கா பேரு போட்டுக்கிட்டீங்க?"

எகத்தாளமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அலமாரியில் ஏற்கெனவே நேராக இருந்த பெல்ட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

போகும்போது திரும்பி, "வெற்றி விழாவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போவீங்களாக்கா?" என்றாள்.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினம். மாத்திரை கம்பெனிக்காரர் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார். அவள் மத்தியானம் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டாள். பாதி.

மார்ச் 9, சனி

மேடைக்கு இரண்டு பக்க உரை தயார். எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். இடுப்பு என்பது என்ன, அதற்குள் என்னென்ன இருக்கிறது, அது எதையெல்லாம் தாங்குகிறது, ஒரு பாட்டு அதை எப்படி விரல் கணக்கில் சுருக்கியது, அதற்கு நான் எப்படி வெட்கப்படுகிறேன் என்று எல்லாம் இருக்கிறது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டாள். "நல்லா இருக்குடி. ஆனா இதுக்கு அவங்க மைக்கு குடுப்பாங்களா?" என்றாள்.

மார்ச் 10, ஞாயிறு

வடபழனியில் ஓர் ஓட்டல் மண்டபம். காலை பதினொரு மணி விழா, முடிந்ததும் பிரியாணி. வாசலிலிருந்தே வாசனை. ஜெசிந்தா மயில் நிறச் சேலையில் வந்தாள். கூட்டத்தில் அவள் முதுகில் கை வைத்து உள்ளே நகர்த்தினேன். சேலைக்கு அடியில் பெல்ட்டின் பிளாஸ்டிக் பட்டை கையில் தட்டியது. புதிது, வெளியே வாங்கியிருக்கிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. உரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

டைரக்டர் பேசினார். "பெண்களை அசிங்கப்படுத்திட்டோம்னு சில பேரு பேசுறாங்க. இதை எழுதினது யாருன்னு தெரியுமா?" என்று நிறுத்தினார். தொகுப்பாளர் என்னைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தார். "ஒரு பொண்ணோட அழகு இன்னொரு பொண்ணுக்குத்தான் தெரியும்! தில்லை மேடம்! ஒரே ஒரு வார்த்தை, டைம் இல்ல!"

அம்மா சொன்னது சரி. இரண்டு பக்கத்துக்கு ஒரே ஒரு வார்த்தைதான் கிடைத்தது. அதனால் காகிதத்தை விட்டுவிட்டேன். மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை விரித்து, என் இடுப்பில் வைத்து எண்ணினேன். முன்னாலிருந்து ஆரம்பித்து, பக்கவாட்டில் நகர்த்தி, முதுகுப் பக்கம் எட்டாமல் தொகுப்பாளரின் கையை வாங்கி வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, நாலரை" என்று சத்தமாக எண்ணி முடித்தேன். "நாலரைச் சாண். இதை எழுதினவளோட இடுப்பு. என்னைவிட ஒல்லியா இருக்கறவங்களுக்கு மூணு வரும். ஒண்ணு யாருக்கும் வராது. வந்தா ஆஸ்பத்திரியில சேருங்க" என்றேன்.

மண்டபமே வெடித்துச் சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் டைரக்டருக்கு உற்சாகம் வந்து, தயாரிப்பாளரை மேடைக்குக் கூப்பிட்டு அவர் தொப்பையை அளந்தார். ஆறரை. விசில். நாற்காலிகளில் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரை அளக்க ஆரம்பித்தார்கள். "செம காமெடி மேடம் நீங்க!" என்று தொகுப்பாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். என் மன்னிப்பு கைதட்டலில் முடிந்துபோனது. மேடையை விட்டு இறங்கும்போது தீபன்ராஜ் காதருகில் வந்து, "அக்கா, நாலரைச் சாண்! குண்டுப் பொண்ணு, காமெடிப் பாட்டு, அடுத்த படத்துக்கு வச்சுக்கலாமா?" என்றான்.

"வேண்டாம் தீபன்" என்றேன். அவன் நம்பாமல் பார்த்தான். இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அடுத்த படத்தில் எனக்குப் பாட்டு இல்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வருத்தம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது.

ஜெசிந்தாவைத் தேடினேன். சாப்பாட்டு மேசைகளுக்குப் பக்கத்தில் பாட்டில் ஆடிய கதாநாயகி ரெனிஷாவோடு நின்றிருந்தாள். திரையில் பார்த்ததைவிட உருவம் சின்னது, கண்ணுக்கடியில் கருவளையம். கையில் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது செல்ஃபி முடிந்திருந்தது. ஜெசிந்தா கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படி மேடம் அவ்ளோ ஒடுக்கமா வந்தீங்க? உங்களுக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது?"

ரெனிஷா சிரித்தாள். "எங்கம்மா முடிஞ்சுது? ஷூட்டிங்குக்கு முன்னாடி ரெண்டு நாள் தண்ணி குடிக்கக் கூடாதுன்னாங்க, வயிறு உப்பித் தெரியுமாம். மூணாம் நாள் ஸ்பாட்லயே மயங்கிட்டேன். ட்ரிப் ஏத்தினதுல கை வீங்கி, வளையல் போட்டு மறைச்சாங்க. அவ்ளோ பண்ணியும் பத்தலன்னு மிச்சத்தக் கம்ப்யூட்டர்ல கொறைச்சாங்க."

ஜெசிந்தா தன் கையில் குளுக்கோஸ் ஏற்றிய இடத்தைத் தடவிக்கொண்டாள். அங்கே இன்னும் நீலமாக இருந்தது.

"நீங்க சாப்பிடலையா மேடம்?"

"நாளைக்கு ஷூட்டிங். இதே மாதிரி இன்னொரு பாட்டு" என்றாள் ரெனிஷா. சொல்லும்போது கண் பிரியாணி அண்டாவின் மேல் இருந்தது. குழந்தைகள் பலூன்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

டம்மி என்று பாடி அனுப்பிய ஒரு வரி. அது இரண்டு பெண்களைப் பட்டினி போட்டு, இரண்டு பேரையும் மயங்க வைத்து, என் எதிரில் அருகருகே நிறுத்தியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். தெரியாதவர்கள் எத்தனை பேரோ. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது, உரையில் எழுதியிருந்த மாதிரி அழகாக அல்ல.

ஜெசிந்தா "ஒரு நிமிஷம்க்கா" என்று சொல்லிவிட்டுக் கழிவறைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது, பழைய ஜெசிந்தாவின் நடை. கைப்பைக்குள் அந்தப் பெல்ட் மடிக்க வராமல் நீட்டிக்கொண்டிருந்தது. சேலைக் கொசுவம் கலைந்திருந்ததை அவள் சரி செய்யவில்லை.

அதே நேரம் மண்டபத்தில் பாட்டைப் போட்டார்கள். எல்லாரும் எழுந்து ஆடினார்கள். தொகுப்பாளர் ரெனிஷாவுக்கும் ஜெசிந்தாவுக்கும் நடுவில் புகுந்து, "மேடம் வாங்க, சிஸ்டர் நீங்களும் வாங்க, ஒரு சாண் ஸ்டெப் போடலாம்!" என்று கையைப் பிடித்தார்.

ஜெசிந்தா கையை விடுவித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, கொஞ்சம் சங்கடத்தோடு, "பாட்டு நல்லாத்தான்க்கா இருக்கு" என்றாள். "ஆனா எனக்குப் பசிக்குது."

தட்டு நிறைய வாங்கிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றே சாப்பிட்டாள். இரண்டு வாய் வரைக்கும் அவசரம், அப்புறம் நிதானம். ரெனிஷா போகாமல் அங்கேயே நின்றிருந்தாள். ஜெசிந்தா தட்டை அவள் பக்கமாக நீட்டினாள். ரெனிஷா மேடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். டைரக்டர் ஆடிக்கொண்டிருந்தார். வெந்நீரை ஜன்னலில் வைத்துவிட்டு ஒரு துண்டு கறியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள், பிறகு இன்னொன்று.